சாக்ஸபோன் கன்செர்ட்டோ என்றால் வெறும் சத்தமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்பில் சாக்ஸபோன் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்த கத்ரி கோபால்நாத்தைப் பற்றிய பகுதி நன்றாகவே இருந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் கடைசிப் பத்தியில் கட்டுரையாளர் போகிற போக்கில் மூன்று விஷயங்களை வீசிவிட்டுப் போகிறார். இது அமெரிக்க ஜாஸ்காரர்கள் கண்டுபிடித்த வாத்தியமாம், மேற்கத்திய செவ்வியல் இசை இதை வாசலிலேயே நிறுத்திவிட்டதாம், இந்தக் காலத்தில் இதற்கென்று எழுதப்படும் கன்செர்ட்டோக்கள், அதாவது ஒரு வாத்தியத்தை முன்னால் நிறுத்தி முழு ஆர்கெஸ்ட்ராவும் கூட வாசிக்கிற இசை, எல்லாம் வெறும் சத்தமாம். மூன்றாவதைப் படித்ததும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் விமர்சகன் எல்லாம் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கல்யாண பேண்டு செட்டில் கிளாரினட் வாசித்தவன், ஆள் வராத முகூர்த்த நாட்களில் ஆல்டோ சாக்ஸையும் (டெனாரைவிடச் சின்ன சாக்ஸபோன்) தூக்கி மாட்டிக்கொண்டு ஊர்வலம் போனவன். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதல் இரண்டும் சீக்கிரம் முடிகிற விஷயம். அடோல்ஃப் சாக்ஸ் பெல்ஜியத்துக்காரர். பிரான்சில் அவர் காப்புரிமை வாங்கியது 1846இல், அப்போது ஜாஸ் என்று ஒன்று பிறக்கவே இல்லை. ராணுவ பேண்டிலும் ஆர்கெஸ்ட்ராவிலும் வாசிக்கத்தான் அதைச் செய்தார். ஆர்கெஸ்ட்ரா அதற்கு நிரந்தர நாற்காலி போடவில்லை என்பது உண்மைதான், அதற்காக வாசலில் நிறுத்தியது என்று சொல்லிவிட முடியாது. ரஷ்யரான கிளாசுனோவ் 1934இலேயே ஆல்டோ சாக்ஸுக்கு ஒரு கன்செர்ட்டோ எழுதியிருக்கிறார், இன்றைக்கும் சாக்ஸ் படிக்கிற பிள்ளைகள் அதைத் தாண்டாமல் மேலே போக முடியாது.

சரி, சத்தத்துக்கு வருவோம். ஜான் ஆடம்ஸ் என்ற அமெரிக்க இசையமைப்பாளர் எழுதிய சாக்ஸபோன் கன்செர்ட்டோ 2013 ஆகஸ்டில் சிட்னி ஆபரா ஹவுஸில் அரங்கேறியது. சிட்னி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை ஆடம்ஸே நடத்தினார், சாக்ஸ் வாசித்தவர் டிமோதி மெக்காலிஸ்டர். இந்த மெக்காலிஸ்டர் சுவாரசியமான ஆள். ஆடம்ஸின் வேறொரு ஆர்கெஸ்ட்ரா இசையில் ஆல்டோ சாக்ஸுக்குக் கடினமான ஒரு பகுதி இருந்தது, அதை வாசிக்க வந்தவர் இவர். இவர் முன்பு சைக்கிள் சாகசப் போட்டிகளில் சாம்பியனாக இருந்தவர் என்று தெரிந்ததும், இப்படிப் பயமே இல்லாத ஒருவருக்கு ஒரு கன்செர்ட்டோ எழுதியே தீரவேண்டும் என்று தோன்றியதாக ஆடம்ஸ் சொல்லியிருக்கிறார். கேட்டால் காரணம் புரியும். ஏறக்குறைய அரை மணி நேரம், இரண்டே பாகம், அதில் சாக்ஸ் வாயை எடுக்கிற இடம் சொற்பம். வாசித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், விரலுக்கு முன்னால் உதடுதான் களைத்துப் போகும்.

ஆடம்ஸின் அப்பா 1930களில் ஸ்விங் என்கிற ஜாஸ் வகை வாசிக்கும் பேண்டுகளில் ஆல்டோ சாக்ஸ் வாசித்தவர், அதனால் அவருக்கு இது வீட்டு வாத்தியம் மாதிரி. செவ்வியல் முறையில் சாக்ஸ் கற்றவர்களுக்கு பிரெஞ்சுப் பாணியில் ஒரு நாதம் பழகியிருக்கும், வேகமாக நடுங்குகிற, மெருகேற்றிய நாதம். ஆடம்ஸுக்குப் பிடித்தது அது இல்லை, ஜாஸ்காரர்களின் இளகலான, கொஞ்சம் கரகரப்பான ஊதல். எங்கள் செட்டிலும் இது உண்டு. சர்ச்சில் ஊதுகிற ஊதல் வேறு, ஊர்வலத்தில் பெட்ரோமாக்ஸ் லைட்டுக்கு நடுவே ஊதுகிற ஊதல் வேறு. வாத்தியம் ஒன்றுதான், ரீட் கூட அதேதான், மூச்சும் உதடும் மட்டும் மாறும். பாதிரியார் முன்னால் ஊர்வல ஊதல் வந்துவிட்டால் அன்றைக்குத் திட்டு விழும். ஆடம்ஸ் கேட்டது கிட்டத்தட்ட அந்த ஊர்வல ஊதலைத்தான், அதுவும் முழு ஆர்கெஸ்ட்ராவை வைத்துக்கொண்டு!

ஆனால் இது ஜாஸ் கச்சேரியும் இல்லை, மனோதர்மத்துக்கு என்று எதையும் விடாமல் எல்லாமே நோட்டில் எழுதியிருக்கிறது. அப்படி எழுதியதை, அந்த நிமிஷத்தில் தோன்றியதை வாசிக்கிற மாதிரி வாசிக்க வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிரமம், எனக்கு இதில் மிகவும் பிடித்ததும் அதுதான். முதல் பாகம் பரபரப்பாகத்தான் தொடங்கும், ஒத்துக்கொள்கிறேன், சாக்ஸ் ஏறுவதும் குதிப்பதுமாக மூச்சு விட விடாது. கட்டுரையாளர் அந்த இடத்தோடு நிறுத்திவிட்டார் என்றுதான் எனக்குச் சந்தேகம். இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தால் எல்லாம் தணிந்து, தந்தி வாத்தியங்கள் கீழே மெல்ல ஓட, சாக்ஸ் நீளமாக ஒரு மெட்டை இழுத்துக்கொண்டே போகிற பகுதி வந்திருக்கும். நான் முதலில் அதைக் கேட்டது திண்டுக்கல் போகிற பஸ்ஸில், மகனுடைய ஹெட்போனில். அப்புறம் இரண்டாவது பாகம், முழுக்க ஓட்டம், தாளம் தட்டப் பார்த்தால் நம்மை ஏமாற்றிவிட்டு முன்னால் போய்விடும்.

உண்மையிலேயே சத்தமான சாக்ஸ் இசை வேண்டுமென்றால் அதற்கும் ஆள் இருக்கிறார். பிரிட்டன்காரர் ஹாரிசன் பர்ட்விசில், சாக்ஸையும் டிரம்ஸையும் முன்னால் நிறுத்தி எழுதிய ‘பேனிக்’. 1995இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில், பிபிசி புராம்ஸ் இசை விழாவின் கடைசி இரவில், ஜான் ஹார்ல் சாக்ஸ் வாசிக்க அது அரங்கேறியது. அந்தக் கடைசி இரவின் வழக்கப்படி கொடியை ஆட்டிக்கொண்டு கூடப் பாடலாம் என்று டிவி முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் பிபிசிக்குப் புகார் மேல் புகார் சொன்னார்கள். அதை முழுசாகக் கேட்டு முடிக்க எனக்கே மூன்று தடவை முயற்சி தேவைப்பட்டது, இன்னொரு தடவை கேட்பேன் என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் அதையும் ஆடம்ஸையும் ஒரே கூடையில் போடுவது, பறையும் வீணையும் இரண்டுமே வாத்தியம்தானே என்று சொல்கிற மாதிரி. இன்னொன்று, இதற்கு ஒரு வருஷம் முன்னால், 1994இல், அதே விழாவில் அதே ஹாலில் சாக்ஸில் கர்நாடக சங்கீதம் வாசித்தவர் நம் கத்ரி. அவரைப் பற்றிப் பாதிக் கட்டுரை எழுதியவர் இதை எப்படி விட்டார் என்று தெரியவில்லை.

ஆடம்ஸை மெக்காலிஸ்டரே வாசித்த பதிவு 2014இல் வந்தது, டேவிட் ராபர்ட்சன் நடத்த செயின்ட் லூயிஸ் சிம்பொனி. அந்த ஆல்பம் அடுத்த வருஷம் ஆர்கெஸ்ட்ரா பிரிவில் கிராமி வாங்கியது. கட்டுரையாளருக்கு அரை மணி நேரம் கிடைத்தால் கடைசி வரை கேட்டுவிட்டு மறுபடி எழுதச் சொல்லுங்கள், அப்போதும் சத்தம் என்றே எழுதினால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

இன்னும் ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையோடு போட்ட படத்துக்குக் கீழே ஆல்டோ சாக்ஸபோன் என்று அச்சாகியிருக்கிறது. படத்தில் இருப்பது அதைவிடப் பெரிய டெனார், கழுத்து வளைவைப் பார்த்தாலே தெரியும்.

இப்படிக்கு,
ஒரு பழைய கிளாரினட்காரன்,
திண்டுக்கல் மாவட்டம்.