தாஹர் ஜாவுத்தின் நாவல்களையும் பேசலாமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அல்ஜீரிய எழுத்தாளர் தாஹர் ஜாவுத் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் அவர் பெயர் அடிபடுவதே அபூர்வம் என்பதால் நன்றி. ஆனால் கட்டுரையின் முக்கால் பங்கை அவருடைய கொலை எடுத்துக்கொண்டுவிட்டது. 39 வயது வரை அந்த மனிதர் என்ன எழுதினார் என்பது இரண்டே வரியில் முடிந்துபோனது.

1954இல் அஸெஃபூனுக்குப் பக்கத்தில் அல்ஜீரியாவின் கபிலியா பகுதிக் கிராமம் ஒன்றில் பிறந்தவர். படித்தது கணிதம். பத்திரிகைக்கு வந்த பிறகு நெடுங்காலம் எழுதியது கலை, இலக்கியப் பக்கங்களில்தான்: ஓவியர்கள், கவிஞர்கள், நாடு கண்டுகொள்ளாமல் விட்ட எழுத்தாளர்கள். கட்டுரையைப் படித்தால் ஏதோ தொடக்கத்திலிருந்தே அரசியல் தலையங்கம் எழுதி வந்தவர் போலத் தோன்றுகிறது. ‘ருப்தூர்’ வார இதழை நண்பர்களோடு சேர்ந்து அவர் தொடங்கியது 1993 ஜனவரியில். மே 26ஆம் தேதி சுடப்பட்டார். ஜூன் 2இல் இறந்தார். அந்த இதழில் அவர் எழுதியதெல்லாம் சில மாதக் கணக்குதான்.

நாவல்களுக்கு வருகிறேன். 1984இல் வந்த ‘எலும்பு தேடுபவர்கள்’ நாவலில் பிரான்சுக்கு எதிரான விடுதலைப் போர் முடிந்திருக்கிறது. போரில் செத்த அண்ணனின் எலும்புகளைத் தேடி ஒரு சிறுவன், உறவுக்காரப் பெரியவரோடும் ஒரு கழுதையோடும் ஊர் ஊராகப் போகிறான். பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்கு ஒரு தியாகியின் எலும்பு இருந்தால்தான் ஊரில் மதிப்பு, சலுகையும் கிடைக்கும். அதனால் எல்லோரும் கிளம்பிவிடுகிறார்கள். விடுதலை பெற்று இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்த ஒரு நாட்டில், தியாகத்தை வைத்து நடக்கும் வியாபாரத்தை இப்படிச் சிரித்துக்கொண்டே எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

1991இல் வந்த ‘காவலாளிகள்’ எனக்கு இன்னும் பிடித்தது. மஹ்ஃபூத் என்ற ஆசிரியர், பழைய தறியை மேம்படுத்தி ஓர் இயந்திரம் செய்கிறார். அதைப் பதிவு செய்யப் போனால் அலுவலகம் அலுவலகமாக அலைச்சல். பாஸ்போர்ட்டுக்கு ஓர் இழுபறி, துறைமுகத்தில் சுங்கக்காரர்களோடு ஓர் இழுபறி. இரவில் அவர் அறையில் விளக்கு எரிவதே ஒரு முன்னாள் போராளிக்குச் சந்தேகமாகப் படுகிறது. கடைசியில் ஜெர்மனியில் அந்த இயந்திரம் பரிசு வாங்கிவிடுகிறது. உடனே அதிகாரிகளுக்கு ஞானம் பிறந்து பாராட்டு விழா எடுக்கிறார்கள். சரி, இத்தனை நாள் அலைக்கழித்த பழியை யார் தலையிலாவது கட்ட வேண்டுமே? சந்தேகப்பட்ட அந்த முன்னாள் போராளி, கிழவர் மெனுவார் ஸியாதா அகப்படுகிறார். அவருக்கு நேர்கிற முடிவைப் படித்தபின், அதுவரை சிரித்ததற்கே கூச்சமாக இருந்தது. முதல் நாவலான ‘லெக்ஸ்ப்ரோப்ரியே’ மட்டும் எல்லோருக்கும் ஒத்துவராது. கவிதையும் உரைநடையும் பின்னிக் கிடக்கும்.

அவர் வாயை அடைத்தவர்கள் மத அடிப்படைவாதிகள் என்றே சொல்லப்படுகிறது. அவர்களை அவர் கடுமையாகச் சாடியதும் உண்மை. இறந்த பிறகு 1999இல் வெளியான ‘பகுத்தறிவின் கடைசிக் கோடை’யில், அவர்கள் ஆட்சியில் தனித்துப்போன ஒரு புத்தகக்கடைக்காரர்தான் நாயகன். ஆனால் அதற்கு முந்தைய நாவல்களில் அடி வாங்குவது பெரும்பாலும் அரசும் அதன் கோப்புகளும் பழைய போராளிகளின் பெருமிதமும்தான். இதை விட்டுவிட்டால் அவரை அரை மனிதராகத்தான் காட்ட முடியும். கொலையில் உண்மை வெளிவர வேண்டும் என்று அவருடைய நண்பர்கள் குழு அமைத்துக் கேட்டதையும் கட்டுரை சொல்லவில்லை. அந்தக் குழுவில் இருந்த மனநல மருத்துவர் மஹ்ஃபூத் பூசெப்சி அதே ஜூன் மாதம் 15ஆம் தேதி கொல்லப்பட்டார்.

அடுத்த முறை அல்ஜீரியா பற்றி எழுதும்போது ‘காவலாளிகள்’ நாவலின் ஓர் அத்தியாயத்தையாவது மொழிபெயர்த்துப் போடுங்கள். அந்தத் தறிக்காரர் அலுவலகம் அலுவலகமாக அலையும் பகுதியாக இருந்தால் ரொம்ப நல்லது.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்