எந்த நாட்டு லாபம் என்று கேளுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பன்னாட்டு நிறுவனங்களின் வெளிநாட்டு லாபம் தாய்நாடு திரும்பாததற்கு வரிதான் காரணம் என்று சென்ற இதழ்க் கட்டுரை ஒரே போடாகப் போட்டுவிட்டது. அப்படிப்பட்ட ஒரு நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளைக் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவன் நான். டிவிடெண்ட், அதாவது எங்கள் லாபத்தில் தாய் நிறுவனத்துக்குப் போகும் பங்கு, அனுப்புவதற்கான கணக்குத்தாள் என் மேஜையில்தான் தயாராகும். அதில் வரிக்கு இருந்தது ஒரே ஒரு வரிசைதான்.

அந்த ஒரு வரிசையிலும் எந்த நாட்டு லாபம் என்பதுதான் முதல் கேள்வி. 2017 வரை அமெரிக்காவில் நிறுவன வரி 35 சதவீதம். வெளிநாட்டு லாபத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அதை டிவிடெண்டாக உள்ளே கொண்டுவரும்போதுதான் அந்த வரி விழும். வெளிநாட்டில் கட்டிய வரியை அதில் கழித்துக்கொள்ளலாம். 100 டாலர் லாபத்துக்கு அங்கேயே 25 டாலர் கட்டி, மீதி 75-ஐ அனுப்பும்போது அந்த நாடு பிடிக்கும் 10 சதவீத வரிப் பிடித்தமும் போனால் மொத்தம் 32.50. தாய்நாட்டில் பாக்கி இரண்டரை டாலர். இந்தப் பணம் தயங்காமல் வந்து சேரும். அதே லாபத்தை 5 சதவீத வரியும் பிடித்தமே இல்லாததுமான நாட்டில் காட்டியிருந்தால் பாக்கி 30 டாலர்! கட்டுரையாளர் சொல்லும் 'சிக்கிய பணம்' இந்த ரகம்தான். காப்புரிமையை அந்த நாட்டுக் கம்பெனி பெயரில் வைத்து, மற்ற கிளைகளிடம் ராயல்டி, அதாவது உரிமைக் கட்டணம், வாங்கி அங்கே குவித்தது யார்? அதே நிறுவனம்தான்.

இன்னொன்றும் விடுபட்டிருக்கிறது. 'இந்த லாபம் காலவரையின்றி வெளிநாட்டிலேயே முதலீடாக இருக்கும்' என்று நிர்வாகம் சொல்லிவிட்டால், பின்னால் வரக்கூடிய தாய்நாட்டு வரியை இப்போதே செலவாகக் காட்ட வேண்டியதில்லை. பணத்தைக் கொண்டுவந்தால் அந்தக் காலாண்டின் லாபம் அடிபடும். பங்குச்சந்தை முகம் சுளிக்கும் என்ற பயம் பல இடங்களில் வரியைவிடப் பெரிது. 2013-இல் வெளிநாட்டில் சுமார் 10,000 கோடி டாலர் வைத்திருந்த ஆப்பிள், அதைக் கொண்டுவராமல், பங்குதாரர்களுக்குக் கொடுப்பதற்காகக் கடன்பத்திரம் விற்று 1,700 கோடி டாலர் திரட்டியது.

வரியைக் குறைத்தால் தொழிற்சாலைகள் முளைக்கும் என்கிறார் கட்டுரையாளர். அமெரிக்காவின் 2004 சட்டம் உள்ளே கொண்டுவரும் வெளிநாட்டு லாபத்துக்கு ஒருமுறைச் சலுகையாக வரியை 5.25 சதவீதமாக்கியது, சுமார் 31,000 கோடி டாலர் சலுகையில் உள்ளே வந்தது. பங்குகளைத் திரும்ப வாங்க அதைப் பயன்படுத்தக் கூடாது என்று விதியே இருந்தும், பெரும்பகுதி பங்குதாரர்களிடம்தான் போனது. பணத்துக்குப் பெயரா எழுதியிருக்கிறது? அந்தப் பணத்தை முதலீட்டுக்கு என்று காட்டிவிட்டு, முதலீட்டுக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தால் முடிந்தது.

2018 முதல் அமெரிக்காவில் நிறுவன வரி 21 சதவீதம்தான். வெளிநாட்டில் அதுவரை சேர்ந்திருந்த லாபத்தில் ரொக்கமாக இருந்ததற்கு 15.5 சதவீதம், உள்ளே கொண்டுவந்தாலும் சரி, கொண்டுவராவிட்டாலும் சரி. அந்தப் பூட்டு திறந்தும் எல்லாப் பணமும் ஓடி வந்துவிடவில்லை.

ஏன் என்பதற்கு என் அனுபவம் ஒன்று. ஓராண்டு எங்கள் ஏட்டில் லாபம் இருந்தது, வங்கியில் உள்ளூர் நாணயமும் இருந்தது. டாலர் மட்டும் இல்லை. அந்நியச் செலாவணிக்கு மத்திய வங்கியில் வரிசை. மாதக்கணக்கில் காத்திருந்தோம். ஒவ்வொரு வாரமும் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே கேள்வி வரும். ஒவ்வொரு வாரமும் அதே தாளில் மாற்று விகிதத்தை மட்டும் அடித்துத் திருத்தி அனுப்புவேன். கடைசியில் அனுமதி கிடைத்தபோது உள்ளூர் நாணயத்தின் சரிவில் நாங்கள் இழந்தது, பிடித்த வரியைப்போல இரண்டு மடங்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்காளர் ஒருவர்