செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

கோலம் போடுகிறவர்கள், படம் வரைகிறவர்கள், கவிதை எழுதுகிறவர்கள் எல்லாரும் சேர்ந்த நம் மயிலாப்பூர் சங்கத்தின் ஓராண்டுப் பணிகளை உங்கள் முன் வைக்கிறேன். நவராத்திரிக்குச் சங்க அறையில் கொலு வைத்தோம். ஐப்பசி மழையில் கூரை ஒழுகியது, வீட்டு உரிமையாளர் சரிசெய்து கொடுத்தார். பொங்கல் கோலப் போட்டி வழக்கம்போல் நடந்தது. குடியரசு நாளன்று கொடி ஏற்றி இனிப்பு வழங்கினோம். செயற்குழு மாதாமாதம் கூடியிருக்க வேண்டும்; சில மாதங்கள் போதிய பேர் வராததால் கலைந்தோம்.

ஈஞ்சம்பாக்கம் சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கு ஒரு நாள் போய் வந்தோம். 1966-ல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில் உருவாக்கிய இடம் அது. பெயர் கொடுத்தவர்கள் எல்லாரும் வந்திருந்தால் வேன் வாடகை தலைக்குக் குறைந்திருக்கும்.

இனி நான் விரிவாகச் சொல்ல வேண்டியது, பழக்கமில்லாததைப் போட்டும் எழுதியும் பார்க்க நாங்கள் கூடும் இரண்டாம் ஞாயிறு கூட்டத்தைப் பற்றி. "சங்கப் பணத்தில் விளையாடுகிறார்கள்" என்று செயற்குழுவிலேயே பேச்சு வந்தது. ஆமாம், விளையாடுகிறோம். ஏன் என்பதைப் பதிவு செய்வது என் கடமை.

நம் போட்டிக் கோலங்களின் படங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். அதே மயில், அதே தாமரை, அதே பொங்கல் பானை. ஒரு வருஷம் பரிசு வாங்கிய கோலம் அடுத்த வருஷம் பத்து வாசலில் வந்து நிற்கிறது. யாரையும் குறை சொல்லவில்லை. பரிசு என்று வந்துவிட்டால் கை தனக்குத் தெரிந்ததைத்தான் போடும். தெரியாததைப் போட்டுப் பார்க்கவும் ஓர் இடம் வேண்டும் என்றுதான் இதைத் தொடங்கினேன். பரிசு கிடையாது, சான்றிதழ் கிடையாது. அன்றைக்கு ஒரே ஒரு விதி. முடிந்ததும் எல்லாவற்றையும் அழித்துவிடுவோம், பிடித்ததை மட்டும் நோட்டில் குறித்துக்கொள்வோம்.

கவிதைக்காரர்களுக்கு வைத்த விதி, ப, ம இரண்டு வரிசையும் வராமல் நாலு வரி எழுத வேண்டும் என்பது. துறைமங்கலம் சிவப்பிரகாசர் திருச்செந்தூர் முருகன்மேல் உதடு ஒட்டாமல் ஓர் அந்தாதியே பாடியிருக்கிறார். அதில் ஒரு துளியைத்தான் எடுத்துக்கொண்டோம். அம்மா போய்விட்டாள். மழை, மனம், மௌனம், பூ, மலர் எல்லாம் போய்விட்டன. வழக்கமாகக் கை நீட்டும் சொல் ஒன்றும் இல்லாமல் முதலில் தவித்தார்கள். அப்புறம் ஓர் அம்மையார் எண்ணெய்க் கடை ஏணியைப் பற்றி எழுதிக் காட்டினார். இத்தனை ஆண்டில் அவர் எழுதியதிலேயே அதுதான் நல்லது என்று அங்கிருந்த எல்லாரும் சொன்னோம்.

கோலத்தில் செய்தது இன்னும் முக்கியம். சிக்குக் கோலத்தின் கட்டுப்பாடு உங்களுக்கே தெரியும்: எந்தப் புள்ளியும் விடுபடக் கூடாது, கோடு முறியக் கூடாது. இந்தக் கட்டுப்பாட்டில் உள்ள கணக்கைத்தான் 1970-களில் தாம்பரம் கிறித்துவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணியும் அவரோடு இருந்தவர்களும் ஆராய்ந்தார்கள். நாங்கள் நடுப் புள்ளியை வேண்டுமென்றே எடுத்துவிட்டுப் போட்டோம். கோடு வேறு வழி தேடிப் போயிற்று.

அடுத்தது மிருதங்கம். நம் மாநிலக் கல்லூரியில் படித்த சி.வி. ராமன் மிருதங்கத் தோல்மேல் மணலைத் தூவி, எந்த இடம் அதிர்கிறது, எந்த இடம் அசையாமல் நிற்கிறது என்று பார்த்தவர். அதை நாமும் செய்வோம் என்று ஒருவர் வீட்டுப் பழைய மிருதங்கத்தை இரவல் வாங்கினேன். அரிசி மாவு தோலில் அப்பிக்கொண்டது. ரவை நன்றாக ஓடியது. தோலின் நடுவில் இருக்கும் கருப்பு வட்டமான கரணையின் ஓரத்தில் மோதிர விரலை லேசாக வைத்துக்கொண்டு விளிம்பில் தட்டினால், ரவை இரு பக்கமும் விலகி நடுவே ஒரு கோடாக ஒதுங்குகிறது. விரலை நகர்த்தினால் கோடும் நகர்கிறது. வந்திருந்த கல்லூரி மாணவி ஒருத்தி அந்த வரிகளை நோட்டில் வரைந்து, அவற்றின் ஓரமாகப் புள்ளி வைத்து, தரையில் கோலமாக இழுத்தாள். அப்படி ஒரு கோலத்தை மாட வீதிகளில் நான் பார்த்ததே இல்லை. அதை யாரும் யோசித்துக் கொண்டுவரவில்லை. ரவையும் விரலும் சேர்ந்து கொடுத்தது.

இதெல்லாம் பொழுதுபோக்கு என்று சொன்னவர்களுக்கு ஒரே ஒரு தகவல். மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம் என்ற இயற்பியலாளர் வெள்ளிக்கிழமை மாலைகளில் தன் வேலைக்குச் சம்பந்தமில்லாத சோதனைகளைச் செய்து பார்க்கும் வழக்கம் வைத்திருந்தார். பென்சிலில் இருக்கும் கிராஃபைட்டை ஒட்டும் டேப்பால் உரித்து உரித்து, ஓர் அணு கனமே உள்ள கிராஃபீன் என்ற கார்பன் ஏடு கிடைத்தது அந்தப் பழக்கத்தில்தான். 2010-ல் நோபல் பரிசும் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய ரவைக்குக் கணக்குக் கேட்டவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இவ்வளவும் விரல் விட்டு எண்ணக்கூடிய பேரை வைத்துக்கொண்டு நடந்தது. போட்டிக்குப் பெயர் கொடுக்க அறை வாசல்வரை நின்றவர்கள் ஞாயிறன்று ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. கேட்டால் வெயில், டிராஃபிக், விருந்தாளி. சந்தா விஷயமும் அப்படியே. பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை, சிலருக்குப் பழைய பாக்கியும் இருக்கிறது. நேரில் போய்க் கேட்பது எனக்கும் சங்கடம், அவர்களுக்கும் சங்கடம்.

வரவு செலவு விவரத்தைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். பொதுவாகச் சொன்னால், வந்தது வாடகைக்கும் மின்கட்டணத்துக்கும் போட்டிப் பரிசுகளுக்கும் சரியாகப் போயிற்று. கையிருப்பு சொல்லிக்கொள்ளும்படி இல்லை.

தலைவர், பொருளாளர், தணிக்கையாளர், அறையைப் பெருக்கித் தரும் அம்மா, பரிசுகள் வழங்கிய கடைக்காரர்கள் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இரண்டாம் ஞாயிறு தொடருமா என்று கேட்கிறார்கள். தொடர வேண்டும் என்பதுதான் என் விருப்பம். ஆனால் அறை வாடகை உயரப் போகிறது, மிருதங்கத்தையும் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. யார் வீட்டுப் பரணிலாவது உபயோகமில்லாமல் ஒரு மிருதங்கம் இருந்தால், தோல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பரவாயில்லை, சொல்லி அனுப்புங்கள், நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். பொருளாளர் ரசீதுப் புத்தகத்துடன் வாசல் பக்க மேசையில் இருக்கிறார்.

இப்படிக்கு,
செயலாளர்