செயலாளரின் ஆண்டறிக்கை: பழைய இத்தாலியப் பந்தயக் கார்களின் வரலாறு தேடும் சங்கம், பலெர்மோ

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் அவர்களுக்கும், இன்று வருகை தந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் எனது வணக்கம். கடந்த ஓராண்டுப் பணிகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்கூட்டத்தின் முன் சமர்ப்பிக்கிறேன்.

சாந்தா ரொசாலியா விழா நடைபெறும் ஜூலை நீங்கலாக, மாதக் கூட்டங்கள் ஒழுங்காக நடைபெற்றன. மே மாதத்தில், சிசிலியின் மலைச் சாலைகளில் நடந்த டார்கா ஃப்ளோரியோ கார்ப் பந்தயத்துக்காகச் செர்தாவுக்கு அருகில் அமைந்த ஃப்ளோரியோபொலி பார்வையாளர் மேடைகளையும், கொலெசானோ ஊரிலுள்ள டார்கா ஃப்ளோரியோ அருங்காட்சியகத்தையும் பார்வையிட்டோம். பலெர்மோவில் பள்ளிப் பணியில் இருந்துகொண்டே 1965, 1971, 1975 ஆகிய மூன்று ஆண்டுகளில் டார்காவை வென்ற அமரர் நீனோ வக்கரெல்லா பற்றித் தலைவர் உரையாற்றினார்.

இவ்வாண்டின் முதன்மைப் பணி அட்டைப் பதிவேடாகும். நடுப் பகுதியில் சில ஆண்டுகள் சிசிலியைச் சுற்றிவரும் நெடும்பாதையில் நடந்த டார்கா, 1951-இல் மடோனியே மலைகளின் 72 கிலோமீட்டர் சுற்றுக்குத் திரும்பியது. அந்த ஆண்டு முதல் 1958 வரை அதில் ஓடிய இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை எழுதி, போட்டி இலக்கம், ஓட்டுநர், எஞ்சின் வகுப்பு, இலக்கத் தகடு, உடலைக் கட்டிய பட்டறை, சேசிஸ் எனப்படும் அடிச்சட்டத்தின் இலக்கம் ஆகியவற்றைக் குறிப்பது என்று சென்ற பொதுக்கூட்டத்தில் தீர்மானித்தோம். ஒவ்வொரு குறிப்புக்கும் எதிரே அது எந்த ஆவணத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும் என்ற விதியை நான் சேர்த்தேன். இந்த விதியால்தான் வேலை மெதுவாக நடக்கிறது என்று குறைகூறப்பட்டதால், அதன் காரணத்தைச் சற்று விரிவாகவே கூறக் கடமைப்பட்டிருக்கிறேன்.

ஒரு பந்தயக் காரின் வரலாற்றை அதன் இலக்கத் தகட்டை வைத்து மட்டும் எழுத முடியாது. தொழிற்சாலைக் கார்கள் பல, பரீட்சார்த்த ஓட்டத்துக்குரிய 'புரோவா' தகட்டுடன் பொதுச் சாலையில் வந்தன. அந்தத் தகடு இன்று ஒரு காரிலும் நாளை இன்னொரு காரிலும் கட்டப்படுவது. அது தொழிற்சாலைக்கு உரியதே தவிரக் காருக்கு உரியதன்று. உடலையும் நம்ப இயலாது. 1953 டார்காவில் மல்யோலி என்னும் ஓட்டுநர் ஓட்டி வென்றது மூடிய உடல் கொண்ட லான்சியா டி20. அதே ஆண்டிலேயே டி20 கார்கள் திறந்த உடல் கொண்ட டி23-களாக மாற்றப்பட்டன. எஞ்சினும் அவ்வாறே. அமெரிக்கா சென்ற ஃபெராரி, மசெராட்டி கார்கள் பலவற்றில் மூல எஞ்சின் பழுதானதும் உள்ளூர் வி8 எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். கழற்றிய எஞ்சின் வேறொரு காருக்குப் போய்ச் சேர்ந்தது. எஞ்சியிருப்பது சேசிஸ் இலக்கம். ஃபெராரி அக்காலத்தில் பந்தயக் கார்களுக்கு இரட்டைப்படை எண்களையும் சாலைக் கார்களுக்கு ஒற்றைப்படை எண்களையும் வழங்கியது நமக்குப் பெரிய உதவி. ஆனால் உலோகத்தில் பொறித்த எண்ணையும் அரத்தால் அழித்து மீண்டும் பொறிக்கலாம். ஓஹாயோவில் களவுபோன ஃபெராரி 375 பிளஸ் கார் ஒன்று பெல்ஜியத்தில் தோன்றி, அதன் உரிமை குறித்து ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்ததை நாம் கூட்டத்தில் பேசியிருக்கிறோம்.

இந்தப் பின்னணியில்தான் ஓஸ்கா விடயத்தைக் கூற வேண்டும். தமது நிறுவனத்தை 1937-இல் ஓர்சி குடும்பத்துக்கு விற்ற மசெராட்டி சகோதரர்கள், ஒப்பந்தப்படி பத்தாண்டுகள் அங்கேயே பணியாற்றிவிட்டு, 1947 டிசம்பரில் போலோஞாவுக்கு அருகே சான் லாட்சரோவில் தொடங்கிய கார் நிறுவனமே ஓஸ்கா. அவர்களது எம்டி4 சிறிய காராயினும், 1954-இல் அமெரிக்காவின் செப்ரிங் 12 மணிநேரப் போட்டியில் தன்னைவிடப் பெரிய எஞ்சின்களை வென்ற கார். அத்தகைய எம்டி4 ஒன்றின் இன்றைய உரிமையாளர் சார்பில் ஒரு முகவர் வசந்த காலத்தில் நமக்கு எழுதினார். தமது கார் டார்காவில் ஓடியதாகச் சங்கம் ஒரு கடிதம் தர வேண்டும் என்பதே கோரிக்கை. போட்டி இலக்கம் தெளிவாகத் தெரியும் ஒரு பழைய புகைப்படத்தையும் அனுப்பியிருந்தார்.

நான் ஏழு வாரங்கள் அந்தக் காருக்காகச் செலவிட்டேன். போட்டி இலக்கமும் ஓட்டுநரும் பங்கேற்றோர் பட்டியலுடன் ஒத்துப்போயின. 1927-இல் அமைக்கப்பட்ட 'பிரா' என்னும் பொது மோட்டார் வாகனப் பதிவேட்டிலிருந்து உரிமையாளர் வரிசையைக் கட்டணம் செலுத்திப் பெற்றேன். அந்தப் போட்டி முடிந்து சில மாதங்களுக்குப் பின்னரே கார் முதன்முதலாகப் போலோஞாவில் பதிவாகியிருந்தது. புகைப்படத்தை உருப்பெருக்கியில் வைத்துப் பார்த்தபோது, சேறு படிந்த தகட்டில் 'புரோவா' என்ற சொல்லின் பின்பாதி தெரிந்தது. படத்திலுள்ள காரின் எஞ்சின் மூடியில் இருக்கும் காற்றுத் துளைகளின் வரிசை இன்றைய காரில் இல்லை. உடல் பின்னர் மீண்டும் கட்டப்பட்டிருந்தால் அது இல்லாமற் போவதும் இயல்பே. எஞ்சினும் முடிவைத் தரவில்லை. எம்டி4-இன் எஞ்சின் 1,092 சிசியில் தொடங்கிப் படிப்படியாக 1,491 சிசி வரை வளர்ந்தது, ஒரு காரிலிருந்த எஞ்சினை மாற்றுவதும் எளிது. ஆகவே அந்தக் கார் இதுவாக இருக்கலாம் என்று எழுதினேன்.

'இருக்கலாம்' என்பதை 'இதுதான்' என்று மாற்றித் தந்தால், நமது அறையின் ஓராண்டு வாடகைக்கு ஈடான நன்கொடை வழங்குவதாக முகவர் பதில் எழுதினார். நான் மறுத்தேன். ஒரு சொல்லுக்காக ஓராண்டு வாடகையை இழந்தோம் என்று நிர்வாக சபையில் இருவர் வருந்தினார்கள். அவர்களது கவலை சங்கத்தின் நலன் கருதியது என்பதை அறிவேன். எனினும், பழைய காரின் விலை பெரும்பாலும் அதன் வரலாற்றில் தங்கியிருக்கிறது. நாம் நிரூபிக்காத ஒன்றை எழுதிக் கொடுத்தால், அடுத்த ஆய்வாளர் நமது கடிதத்தையே ஆதாரமாகக் காட்டுவார், அதற்குப் பின் வருபவர் அவரைக் காட்டுவார். உண்மையில் அந்தப் போட்டியில் ஓடிய கார் வேறெங்கேனும் ஒரு கொட்டகையில் இருக்குமானால், அதன் வரலாற்றை நாமே எடுத்து இன்னொன்றுக்குக் கொடுத்தவர்கள் ஆவோம். முடிவு என்னுடையது, அதற்கான பொறுப்பையும் நானே ஏற்கிறேன்.

அட்டைகள் இன்னும் பாதிகூட நிறைவடையவில்லை. ஆண்டுக்கு ஒருவராகப் பட்டியல்களைப் பிரதி செய்வதாக எட்டு அங்கத்தவர்கள் கைதூக்கினார்கள். 1954, 1956 ஆகிய இரு ஆண்டுகளே முழுமையாகக் கையளிக்கப்பட்டன. மற்றையவர்களுக்கு மும்முறை எழுதினேன். வேலையும் குடும்பமும் எல்லோருக்கும் உண்டு. ஆனால் இயலாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் வேறு ஒருவரிடம் கொடுத்திருப்பேன். அட்டை எழுதும் ஞாயிறு காலைகளில் பெரும்பாலும் மூவரே வந்தோம், நான்கு ஞாயிறுகளில் நான் மட்டும் இருந்தேன். சங்கத்துக்குச் சொந்தமான மூன்று புகைப்பட ஆல்பங்கள் இரவலாகச் சென்று இன்னும் திரும்பவில்லை. அவற்றில் கொலெசானோ வளைவில் எடுத்த படங்கள் இருக்கின்றன, அவற்றுக்குப் பிரதி கிடையாது.

கணக்கைப் பொறுத்தவரை, வரவும் செலவும் ஏறத்தாழச் சமமாக உள்ளன. விவரம் பொருளாளரிடம் உண்டு. வாடகையும் பதிவேட்டுக் கட்டணங்களுமே பெருஞ்செலவு. சந்தாவில் கணிசமான பகுதி நிலுவையில் இருக்கிறது. சிலரது நிலுவை இரண்டாம் ஆண்டைத் தொட்டுவிட்டது. பெயர்களை இங்கு வாசிப்பது முறையன்று.

அறையைக் குறைந்த வாடகைக்குத் தந்த உரிமையாளருக்கும், தேநீர் ஏற்பாடு செய்த குடும்பத்தினருக்கும், பழைய இத்தாலியக் கையெழுத்தை வாசித்து உதவிய நமது பிள்ளைகள் இருவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் இப்பொறுப்பை இன்னொருவர் ஏற்பதாயின், சாவியையும் அட்டைப் பெட்டிகளையும் மகிழ்ச்சியோடு கையளிப்பேன். எவரும் முன்வராவிடில் தொடரவும் ஆயத்தமாக இருக்கிறேன். ஆயினும் 1955-க்கும் 1958-க்கும் உரிய பட்டியல்களைத் தனியொருவராக முடிக்க என்னால் இயலாது. இத்தாலிய மொழியில் இங்கே படித்து வளர்ந்த இளையோரை ஒரு ஞாயிறேனும் அழைத்து வருமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன். ஆல்பங்களை வைத்திருப்பவர்கள் அவற்றை வாசலில் வைத்துவிட்டுச் சென்றாலும் போதும், நான் ஒன்றும் கேட்க மாட்டேன். அடுத்த ஞாயிறு காலை பத்து மணிக்கு அறை திறந்திருக்கும்.

செயலாளர்