மூன்றாம் தசமம்

அன்புள்ள கயல்,

நீ போனை வைத்ததிலிருந்து அம்மா என்னோடு சரியாகப் பேசவில்லை. "பிள்ளை, இரட்டையர் ஆய்வில் சேருகிறேன் என்று சந்தோஷமாகச் சொல்கிறாள், நீங்கள் மோசடிக் கதையை எடுக்கிறீர்களே" என்கிறாள். நான் சொல்ல வந்தது வேறு.

இரட்டையர் எண்களில் மோசடி செய்ததாகச் சொல்லப்படும் பிரிட்டிஷ் உளவியலாளர் சிரில் பர்ட்டை நீ ஒரே வரியில் தாண்டிவிட்டாய். முப்பது வருடம் கூட்டுறவுச் சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தவனுக்கு அது முடியவில்லை. மரபு ஒன்று, வளர்ந்த வீடு வேறு; அப்படிப் பிரிந்து வளர்ந்த ஒரே கரு இரட்டையரின் அறிவுத்திறன் எவ்வளவு ஒத்துப்போகிறது? முழுக்க ஒத்தால் 1. 1955இல் 21 ஜோடி, 0.771. 1966இல் 53 ஜோடி, அதே 0.771. ஜோடிகள் இரண்டரை மடங்காகியும் மூன்றாம் தசமம்கூட அசையவில்லை! எந்தச் சங்கச் செயலாளராவது இப்படியொரு பேரேட்டை நீட்டியிருந்தால் அன்றைக்கு மதியச் சாப்பாட்டையே மறந்திருப்பேன்.

அமெரிக்க உளவியலாளர் லியான் காமின் அதைச் சுட்டிக்காட்டியது 1974இல். பர்ட் இறந்து மூன்று வருடமாகியிருந்தது, வீட்டிலிருந்த காகிதங்களும் எரிந்துபோயிருந்தன. அதற்குள், 1969இல், இன்னொரு அமெரிக்க உளவியலாளர் ஆர்தர் ஜென்சன் அந்த எண்களையும் ஆதாரமாக வைத்துக்கொண்டு, ஏழைக் குழந்தைகளுக்கான ஈடுசெய் கல்வி தோற்றுவிட்டது என்றும் கறுப்பர், வெள்ளையர் இடைவெளியில் மரபுக்குப் பங்கிருக்கலாம் என்றும் எழுதிவிட்டார். பர்ட் செய்தது வெறும் கவனக்குறைவு என்று வாதாடுகிறவர்களும் உண்டு. இருக்கட்டும்.

பிரிந்து வளர்ந்த இரட்டையரைப் பார்த்த அமெரிக்காவின் மினசோட்டா ஆய்வும் 1990இல், அறிவுத்திறன் வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறக்குறைய 70 சதவீதம் என்றுதானே சொன்னது, எண் சரிதானே என்று கேட்டாய். கூட்டல் சரியாக வந்ததற்காக ரசீது இல்லாத செலவை நான் ஒருநாளும் அனுமதித்ததில்லை. அதோடு, அந்த 70 யாருடைய 70? 2003இல் உளவியலாளர் எரிக் டர்க்ஹைமர் குழுவினர் ஏழு வயது இரட்டைப் பிள்ளைகளைப் பார்த்தபோது, வறுமையில் வாடிய குடும்பங்களில் மரபின் பங்கு பூஜ்யத்தை ஒட்டி வந்தது. தண்ணீர் பாயாத வயலில் விதைநெல்லின் தரத்தை எப்படிக் கண்டுபிடிப்பாய்?

ஆய்வை விடச் சொல்லவில்லை. சேர்ந்த முதல் வாரமே, மூலப் பதிவேடுகள் எங்கே இருக்கின்றன, வெளியாள் திறந்து பார்க்கலாமா என்று கேட்டுவிடு. யாராவது முகம் சுளித்தால் எனக்கு எழுது.

உன் கணக்கு மூளை தன் பக்கத்திலிருந்து வந்தது என்று அம்மா இன்னும் சாதிக்கிறாள், ஒரே ஒரு பிள்ளையை ஆதாரமாக வைத்துக்கொண்டு. எலுமிச்சை ஊறுகாய் பார்சல் நேற்றே அனுப்பியாகிவிட்டது.

அப்பா