எங்கட புளூ ஜேய்ஸ் ரசிகர் சங்கம் – 2025 ஆண்டறிக்கை

தலைவர் அண்ணைக்கும் பொருளாளர் அக்காவுக்கும் நிர்வாகக்குழுவுக்கும் இண்டைக்கு குளிருக்குள்ளையும் வந்திருக்கிற எல்லா அங்கத்தவர்களுக்கும் வணக்கம். போன வருச அறிக்கையை நான் ஒரு பக்கத்தோட முடிச்சனான், அப்ப எங்கட ரீம், ரொறன்ரோ புளூ ஜேய்ஸ் பேஸ்போல் ரீம், 74 மற்ச் வெண்டு 88 தோத்து, அஞ்சு ரீம் இருக்கிற எங்கட டிவிசனில கடைசி இடத்தில கிடந்தது, எழுதுறதுக்கு பெரிசா ஒண்டும் இருக்கேல்லை. இந்த முறை அப்பிடி இல்லை. நவம்பர் 2ஆம் திகதி தொடங்கி ஒண்டரை மாசமா எழுதி வெட்டி எழுதி வெட்டி இதைக் கொண்டு வந்திருக்கிறன், நீளம் எண்டால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

முதல்ல சங்க அலுவல். நிர்வாகக்குழுக் கூட்டம் மாசத்துக்கு ஒண்டு எண்டு ஒழுங்கா நடந்தது, அக்டோபரில மட்டும் நடக்கேல்லை, ஏன் எண்டு எல்லாருக்கும் தெரியும். கணக்கை பொருளாளர் தனியா வாசிப்பா. இந்த வருசம் புதுசா சேந்தவையில கனபேர் இளம் பிள்ளையள், அதுவும் பெண் பிள்ளையள், அது எனக்கு பெரிய சந்தோசம்.

ஏப்ரல் கூட்டத்தில நடந்த வாக்குவாதத்தை கட்டாயம் பதிவு செய்யவேணும். எங்கட ரீமில அடிக்கிற முக்கிய ஆள் விளாடிமிர் கெரேரோ ஜூனியருக்கு 14 வருசத்துக்கு 500 மில்லியன் அமெரிக்க டொலர் எண்டு ஒப்பந்தம் வந்தவுடன எங்கட ஆக்களில பாதிப்பேர் உது கூடிப்போச்சு, உந்தக் காசுக்கு ரெண்டு மூண்டு நல்ல பிற்சரை, அதாவது பந்து எறியிறவையை, வாங்கியிருக்கலாம் எண்டு சொன்னவை. நான் அண்டைக்கும் குடுக்கவேணும் எண்டுதான் சொன்னனான், இண்டைக்கும் அதைத்தான் சொல்லுறன். விளாடி பிறந்தது மொன்றியலில, தகப்பன் மொன்றியல் எக்ஸ்போஸ் ரீமுக்கு விளையாடேக்கை பிறந்த பிள்ளை, அந்த எக்ஸ்போஸ் 2004ஓட இல்லாமல் போட்டுது, இப்ப முழுக் கனடாவுக்கும் பேஸ்போலின்ர உச்ச லீக்கான மேஜர் லீக்கில இருக்கிறது இந்த ஒரு ரீம்தான், அதில இஞ்சை பிறந்த ஒருத்தன் நான் கடைசி வரைக்கும் இஞ்சைதான் எண்டு நிக்கேக்கை அதுக்கு விலை பேசுறதில அர்த்தமில்லை. சீசன் முடிய கோப்பைக்கு நடக்கிற பிளேஓஃபில 8 ஹோம் ரன் (கிரிக்கெற் சிக்ஸர் மாதிரி, பந்து மதிலுக்கு வெளியால போறது) அடிச்சு, சியாற்றில் ரீமோட நடந்த அரையிறுதிச் சீரிசில சிறந்த ஆட்டக்காரர் (எம்விபி) விருதும் எடுத்து, ஏப்ரலில கேட்ட கேள்விக்கெல்லாம் அவரே பதில் சொல்லிப்போட்டார்.

தொடக்கம் நல்லா இருக்கேல்லை எண்டதையும் மறக்கக்கூடாது. மே மாசம் முக்கால்வாசி முடிஞ்சும் வெண்டதை விட தோத்தது கூட, எங்கட கூட்டத்துக்கு வாற ஆக்களும் குறைஞ்சு கொண்டு போச்சினம். திரும்பினது ஜூலை 1தான், நாங்கள் எல்லாரும் சேந்து போன மற்ச். கென்னடி ஸ்ரேசனில கூடி சப்வேயில யூனியனுக்கு போய் அங்கையிருந்து ஸ்கைவோக்கால நடந்து உள்ள போனால் முழு ரோஜர்ஸ் சென்ரரும் சிவப்பா கிடக்கு, கனடா டே எண்டபடியால். எதிர்ப்பக்கம் எங்கட டிவிசனிலையே இருக்கிற நியூயோர்க் யாங்கீஸ். ஜோர்ஜ் ஸ்பிரிங்கர் ரெண்டு ஹோம் ரன், அதில ஒண்டு கிராண்ட் ஸ்லாம் (பேஸ் மூண்டிலையும் ஆக்கள் நிக்கேக்கை அடிச்சு நாலு ரன் எடுக்கிறது), தனி ஆளா 7 ரன் அடிச்சுக் குடுத்தார், 12-5 எண்டு வெண்டம். அந்த கிராண்ட் ஸ்லாம் போகேக்கை மேல் தட்டு 500 லெவலில எங்களுக்கு முன் வரிசையில இருந்த, முன்ன பின்ன தெரியாத ஒரு வெள்ளைக்கார ஐயா திரும்பி எங்கட தலைவர் அண்ணையைக் கட்டிப்பிடிச்சவர், அண்ணையும் விடேல்லை. அந்த நாலு மற்ச்சையும் வெண்டு ரீம் முதல் இடத்துக்கு வந்தது. முந்தின வருசம் பற்றிங் அவரேஜ் .220, அதாவது ஆயிரத்துக்கு 220 தரம்தான் அடிச்சு பேசுக்குப் போன கணக்கில, இருந்த ஸ்பிரிங்கரை இவர் முடிஞ்சுது எண்டு கதைச்சவையள் இஞ்சையும் இருக்கிறியள், அவர் இந்த வருசம் .309, 32 ஹோம் ரன்.

இந்த ரீம் எனக்கு ஏன் இவ்வளவு பிடிச்சது எண்டு கொஞ்சம் சொல்லவேணும். இப்ப எல்லா ரீமும் ஒரே மாதிரித்தான் விளையாடினம், முழுப் பலத்தோட வீசிறது, பட்டால் ஹோம் ரன், மூண்டு தரம் படாட்டி ஸ்ட்ரைக் அவுட். எங்கட பெடியள் அப்பிடி இல்லை. பந்தை பற்றில பட வைக்கவேணும், பட்டால் என்னவும் நடக்கும் எண்டு விளையாடினவை. முழு லீக்கிலையும் ரீம் பற்றிங் அவரேஜில முதல் இடம் நாங்கள், .265. கிரிக்கெற் பாத்து வளந்த எங்கட ஆக்களுக்கு இது உடன விளங்கும், சிக்ஸர் அடிக்கிறவனை விட ஒண்டு ரெண்டா ஓடி ஓடி பீல்டிங்கை குழப்பிறவன் எப்பிடி ஒரு மற்ச்சை மாத்துவான் எண்டு. ஏர்னி கிளெமென்ற் எண்ட ஆளை 2023இல ஓக்லண்ட் வேண்டாம் எண்டு விட்டது, அதே ஆள் இந்த பிளேஓஃபில 30 ஹிற் அடிச்சு, ஒரு பிளேஓஃபில ஒருத்தரும் அவ்வளவு அடிச்சதில்லை எண்ட பேரை எடுத்தார். ட்ரே யெசாவெஜ், 22 வயசு, வருசத் தொடக்கத்தில சிங்கிள் ஏ எண்ட கீழ்மட்ட லீக்கில எறிஞ்ச பிள்ளை, மேஜருக்கு வந்ததே செப்டெம்பர் நடுவில, அந்தப் பிள்ளை லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸோட நடந்த இறுதிச் சீரிசான வேர்ல்ட் சீரிஸ் அஞ்சாவது மற்ச்சில அவையின்ர ஊரிலேயே போய் 12 பேரை ஸ்ட்ரைக் அவுட் ஆக்கி ஒரு வோக் (நாலு பிழைப் பந்துக்கு சும்மா குடுக்கிற பேஸ்) கூட குடுக்கேல்லை. உப்பிடிப்பட்ட ஆக்களாலதான் 94 வெற்றி வந்தது. யாங்கீசும் 94தான், ஆனா எங்களுக்குள்ள விளையாடின 13இல 8ஐ நாங்கள் வெண்டபடியால் டிவிசன் எங்களுக்கு, கடைசி நாள் எங்கட கச்சர் கேர்க் முதல் இனிங்ஸிலேயே கிராண்ட் ஸ்லாம் அடிச்சு அந்தச் சந்தேகத்தை தீத்து வைச்சார்.

பிளேஓஃப் முதல் சீரிசில யாங்கீசை 3-1 எண்டு அனுப்பினதை இஞ்சை விரிக்கேல்லை, எல்லாருக்கும் மனப்பாடம். சியாற்றில் சீரிஸ் ஏழாவது மற்ச், அக்டோபர் 20, ஏழாவது இனிங்ஸ், 3-1 எண்டு பின்னுக்கு நிக்கேக்கை ஸ்பிரிங்கர் அடிச்ச மூண்டு ரன் ஹோம் ரன்னில எங்கட மண்டபத்து கதிரை ரெண்டு உடைஞ்சது, அதுக்குரிய காசை சங்கம் கட்டியிருக்குது, கணக்கில வரும். 32 வருசத்துக்குப் பிறகு வேர்ல்ட் சீரிஸ். 1993இல ஜோ கார்ட்டர் எங்களுக்கு வேர்ல்ட் சீரிசை வெண்டு தந்த ஹோம் ரன் அடிச்சதை, நாட்டுக்கு வந்த புதுசில, ஒரு பேஸ்மென்ற்றில பதினொரு பேரோட இருந்து விதிமுறை ஒண்டும் விளங்காமல் பாத்த அண்ணை எங்கட சங்கத்தில இருக்கிறார், இந்த அக்டோபர் 20 அண்டைக்கு அவர் கதைக்கேல்லை, சும்மா ரிவியைப் பாத்துக்கொண்டே நிண்டவர்.

வேர்ல்ட் சீரிஸ் மூண்டாவது மற்ச், ஒன்பது இனிங்ஸில முடியவேண்டியது, 18 இனிங்ஸ் போச்சு, இஞ்சை நேரம் விடிய மூண்டு மணி ஆகப் போகுது, மண்டபத்தில முப்பது பேருக்கு மேல இருந்தவை, அடுத்த நாள் பள்ளிக்கூடம் வேலை எல்லாம் இருக்கு, டொட்ஜர்ஸின்ர ஃபிரெடி ஃப்றீமன் ஹோம் ரன் அடிச்சு முடிக்குமட்டும் ஒருத்தரும் எழும்பேல்லை. நாலாவதையும் அஞ்சாவதையும் நாங்கள் வெண்டு நாலு வெண்டால் கோப்பை எண்ட சீரிசில 3-2 எண்டு முன்னுக்கு நிண்டு வீட்டுக்கு வந்தது அந்த இரவுக்குப் பிறகுதான் எண்டதை யோசிச்சுப் பாருங்கோ, வேற ரீம் எண்டால் அதோட படுத்திருக்கும்.

இனி ஏழாவது மற்ச். எங்கட சங்கத்தில இருக்கிற ஒரு அம்மா, எழுபது தாண்டினவ, பேத்தி சொல்லிக்குடுத்து மூண்டு வருசமா ஒவ்வொரு மற்ச்சையும் சிஆர் கொப்பியில கட்டம் கீறி ஸ்கோர் எழுதிறவ. அண்டைக்கு நான் அவவுக்குப் பக்கத்தில. எங்கட போ பிஷெற் முழங்கால் நோவோட டொட்ஜர்ஸ் பிற்சர் ஒஹ்ரானிக்கு அடிச்ச மூண்டு ரன் ஹோம் ரன்னை சிவப்புப் பேனையால எழுதி ரெண்டு தரம் வட்டம் போட்டவ. ஒன்பதாவது இனிங்ஸ், 4-3 எண்டு நாங்கள் முன்னுக்கு, ரெண்டே ரெண்டு அவுட் வேணும், மிகேல் ரோஹாஸ், டொட்ஜர்ஸின்ர அடிக்கிற வரிசையில கடைசி ஆள், அடிச்ச பந்து இடப்பக்க மதிலுக்கு மேலால போகுது. மண்டபத்தில ஒரு சத்தம் இல்லை. அம்மா பேனையை மூடேல்லை, கொப்பியில கட்டத்தை நிரப்பினவ, 4-4 எண்டு எழுதினவ, எழுதிப்போட்டு "இன்னும் எங்களுக்கு அடிக்க இருக்குத்தானே தம்பி" எண்டு என்னட்டைக் கேட்டவ.

இருந்ததுதான். பேஸ் மூண்டும் நிரம்பி ஒரு அவுட், ஒரு ரன் வந்தால் போதும். வார்ஷோ நிலத்தில அடிச்சார், ரோஹாஸ் தடுமாறி எடுத்து ஹோமுக்கு எறிய, மூண்டாவது பேசில இருந்து ஓடி வந்த எங்கட கைனர்-ஃபலேஃபா கொஞ்ச வித்தியாசத்தில அவுட். இது பற்றி எங்கட ஆக்களுக்குள்ளையே ஏன் பேசை விட்டு ஹோம் பக்கம் தள்ளி நிக்கேல்லை, சோம்பேறி, அது இது எண்டு மோசமான வார்த்தையள் வந்தது, எனக்கு அது செரியான மனவருத்தம். முதல் நாள் ஆறாவது மற்ச் எப்பிடி முடிஞ்சது எண்டு நினைச்சுப் பாருங்கோ, எங்கட பார்ஜர் செக்கண்ட் பேசை விட்டு தள்ளி நிண்டு, அவங்கள் பந்தை கச் பிடிச்சு எறிய, ஒரே பந்தில ரெண்டு அவுட், டபிள் பிளேயில மற்ச்சே முடிஞ்சு போச்சு. அடுத்த நாள் அதே பிழை வரக்கூடாது எண்டு கிட்ட நிண்டவரை கிட்ட நிண்டதுக்காகப் பேசிறது ஞாயமில்லை. அதுக்குப் பிறகு கிளெமென்ற் தூக்கி அடிச்சதை டொட்ஜர்ஸின்ர பஹேஸ் மற்றப் பீல்டருக்கு மேல விழுந்து பிடிச்சான், அதுக்கு யார் என்ன செய்யிறது. ரோஹாஸ் அடிச்ச பந்தை எறிஞ்ச எங்கட ஹொஃப்மனுக்கும் இதேதான், ஒரு பந்து. எனக்கு குறை எண்டால் ஒண்டுதான் இருக்கு, 4-2 எண்டு முன்னுக்கு நிக்கேக்கை பேசில ஆக்களை வைச்சுக்கொண்டு இன்னும் ஒரு ரன்னை எடுக்காமல் விட்டது, அது முழு ரீமின்ர குறை, ஒரு ஆளின்ர தலையில கட்டேலாது. 11ஆவது இனிங்ஸில டொட்ஜர்ஸின்ர வில் ஸ்மித் ஹோம் ரன் அடிச்ச பிறகு விளாடி டபிள் அடிச்சு ரெண்டாவது பேசுக்குப் போக, கைனர்-ஃபலேஃபா பன்ற் பண்ணி (பந்தை மெல்லத் தட்டி விட்டு) அவரை மூண்டாவதுக்கு கொண்டு போனதையும் பிழை எண்டினம், ஒரு ரன் பின்னுக்கு நிக்கேக்கை அது செரியான முடிவு எண்டு நான் எங்கையும் வந்து சொல்லுவன். முதல் நாள் 96 பந்து எறிஞ்ச டொட்ஜர்ஸ் பிற்சர் யமமோற்றோ திருப்பி வந்து எறிஞ்சதை மதிக்காமலும் இருக்கேலாது. கேர்க் அடிச்சது டொட்ஜர்ஸின்ர ஷோர்ட்ஸ்ரொப் பெற்ஸின்ர கைக்குப் போய் டபிள் பிளே, 5-4 எண்டு தோத்தம். அம்மா அந்தக் கட்டத்துக்குள்ள 6-3 (ஷோர்ட்ஸ்ரொப்பிட்டை இருந்து முதல் பேசுக்கு எண்ட குறியீடு) எண்டு வடிவா எழுதி, கீழ திகதியும் போட்டு, கொப்பியை மடியில வைச்சுக்கொண்டு கனநேரம் இருந்தவ.

அடுத்த வருசத்துக்கு. பிற்சர் டிலன் சீஸ் 7 வருசத்துக்கு 210 மில்லியனுக்கு வாறார், நல்ல விசயம், எறியிற பக்கம் பலமாகும். ஆனா போ பிஷெற் 2025 டிசம்பரில இதை எழுதேக்கை ஒப்பந்தம் இல்லாமல் நிண்டவர். விளாடியும் அவரும் 2019இல ஒரே வருசம் வந்த பிள்ளையள், போவை விடக்கூடாது எண்டது என்ர உறுதியான நிலைப்பாடு, இது பற்றி ரீம் நிர்வாகத்துக்கு சங்கத்தின்ர பேரில ஒரு கடிதம் அனுப்ப இண்டைக்கு தீர்மானம் கொண்டு வாறன், ஆதரிக்கிறவை கை தூக்குங்கோ. 2026 ரீமுக்கு ஐம்பதாவது சீசன், 1977 ஏப்ரல் 7ஆம் திகதி பனிக்குள்ள தொடங்கினது, அதைக் கொண்டாட ஒரு மற்ச்சுக்கு குடும்பங்களோட போறது எண்டு நிர்வாகக்குழு முடிவெடுத்திருக்கு, ரிக்கெற் வேணும் எண்டவை ஜனவரி முடியிறதுக்குள்ள பொருளாளர் அக்காட்டை பேர் குடுங்கோ, பிந்திக் குடுத்தால் ஒரே இடத்தில இருக்க சீற் கிடைக்காது.

அம்மாவின்ர கொப்பியில ஏழாவது மற்ச் இருக்கிற பக்கத்தை பெரிசாக்கி மண்டபத்துச் சுவரில போடக் கேட்டம். அவ பக்கத்தைக் கிழிக்க விடேல்லை, போட்டோ எடுக்க ஓம் எண்டவ. சட்டம் போட்டு வாசல் பக்கம் கொழுவியிருக்கு, போகேக்கை பாருங்கோ.

இப்பிடிக்கு,
செயலாளர்