பத்திரக் கதைக்கு எத்தனை எபிசோடு?

அன்புள்ள சேகர்,

கடிதமும் கதைச் சுருக்கமும் வந்தன. மகளுக்குக் கோவையில் வேலை கிடைத்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம்.

வீட்டுப் பத்திரத்தை ஒளித்தது யார் என்ற கதையைத் தினத்தொடராக்கச் சேனலில் சொல்கிறார்கள், செய்யலாமா என்று கேட்டிருக்கிறாய். இப்போதிருக்கும் வடிவில் வேண்டாம். கதை நல்ல கதைதான். ஆனால் அது கேட்கும் கேள்விக்கு ஒரே ஒரு விடை. அது தெரிந்த அன்றே கதை முடிந்துவிடும். தினத்தொடருக்கு, எத்தனை விடை கிடைத்தாலும் தீராத கேள்வி வேண்டும். 'கோலங்கள்' தொடர் 2003 முதல் 2009 வரை 1500 எபிசோடுக்கு மேல் ஓடியது. அதன் நாயகி அபி குடும்பத்தையும் தொழிலையும் எப்படித் தாங்குவாள் என்பது ஒரு நாளில் தீருகிற விஷயமில்லை.

கணக்குப் போட்டுப் பார். அரை மணி ஸ்லாட்டில் விளம்பரம் போக 20 முதல் 22 நிமிடம். வாரம் ஆறு நாள் என்றால் குறைந்தது இரண்டு மணி நேரம், அதாவது வாரத்துக்கு ஒரு முழுப்படம். உன் சுருக்கத்தில் நான் எண்ணிய திருப்பங்கள் ஏறக்குறைய முப்பது. நாளுக்கு ஒன்று செலவழித்தாலும் ஐந்து வாரத்தில் தீர்ந்துவிடும். அப்புறம் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும்: உண்மை தெரிந்தவர் சொல்ல வாயெடுப்பார், போன் அடிக்கும், மறுநாள் மயங்கி விழுவார். ஒரு வார்த்தை கேட்டால் தீரும் சிக்கலை மூன்று மாதம் இழுத்தால், பார்ப்பவர்களின் கோபம் வில்லனை விட்டுவிட்டு நாயகி மேல் திரும்பும்.

அதைவிடப் பெரிய ஆபத்து இரண்டு. தினத்தொடர் பார்ப்பவர்கள் நடுவே இரண்டு நாள் விடுவார்கள். அவர்களுக்காக நடந்ததை வசனத்தில் திரும்பச் சொல்லியாக வேண்டும். குடும்பக் கதையில் இது உறுத்தாது. துப்புக் கதையில், எந்தத் தடயத்தைத் திரும்பச் சொல்கிறாயோ அதுதான் முக்கியம் என்று காட்டிக்கொடுத்துவிடும். இன்னொன்று கால்ஷீட், அதாவது நடிகர்கள் தரும் தேதி. ஒரு நடிகர் வரவில்லையென்றால் அவர் காட்சியை அடுத்த வாரத்துக்குத் தள்ளி, வேறொரு கிளைக்கதையை முன்னால் இழுப்பார்கள். சாவி கிடைப்பதற்கு முன்னால் பெட்டி திறந்துவிட்டால் உன் கதை என்னாவது?

இதற்குப் பொருத்தம் தூர்தர்ஷன் காலத்து 13 வாரக் கணக்குதான்: வாரம் ஒரு எபிசோடு, பதின்மூன்றில் கதை முடியும். பிறகு சன் டிவியில் நாகா இயக்கத்தில் தொடங்கிய 'மர்மதேசம்' தொடரும் ஒரே தலைப்பின் கீழ் தனித்தனி மர்மக் கதைகளைச் சொன்னது. ஒரு முடிச்சு அவிழ்ந்ததும் அந்தக் கதை முடிந்தது, அடுத்தது புது ஊர், புது ஆட்கள். உன் கதையில் ஏழாவது வாரத்தில் சந்தேகம் ஆள் மாறட்டும், பத்தில் அந்த ஆளும் நிரபராதி என்று தெரியட்டும், பன்னிரண்டில் உண்மை. பதின்மூன்றாவதை விளைவுக்கென்றே ஒதுக்கு. விடை சொன்ன கையோடு திரையை மூடினால், அந்தக் குடும்பம் என்ன ஆயிற்று என்று பார்ப்பவர்கள் தவித்துப்போவார்கள்.

ஓடிடிக்கு எட்டு எபிசோடு, நாற்பது நிமிடம் என்றாலும் நிற்கும். ஆனால் நீளப் படத்தை எட்டாக நறுக்கிவிடாதே. 'இந்த எபிசோடில் இன்னார் இன்னது செய்தார்' என்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடியாவிட்டால் அது இன்னும் எபிசோடு ஆகவில்லை.

தினத்தொடர்தான் வேண்டும் என்று சேனல் பிடிவாதம் பிடித்தால் ஜப்பானின் 'ஓஷின்' மாதிரியைக் காட்டிப் பேசு. 1983 ஏப்ரலில் தொடங்கிய அது, வாரம் ஆறு நாள், நாளுக்குக் கால் மணி நேரம், ஒரு வருடம், 297 எபிசோடு. முடிவு நாளை முதலிலேயே குறித்துக்கொண்டு ஒரு பெண்ணின் முழு வாழ்க்கையைச் சொன்ன தொடர். நீயும் அப்படி முடிவை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கு. பத்திரத்தை எடுத்தது அண்ணன்தான் என்பதை நாற்பதாவது எபிசோடிலேயே உடைத்துவிடு. அதற்குப் பிறகும் அண்ணனும் தங்கையும் ஒரே வீட்டில் எப்படி இருக்கப்போகிறார்கள் என்பதில் ஒரு வருடத்துக்கான கதை இருக்கிறது. அதற்கு அண்ணன் மனைவி பாத்திரத்தை இன்னும் பலமாக்க வேண்டும். இப்போது அவள் காபி கொண்டுவருவதற்கு மட்டும்தான் வருகிறாள்.

எதுவானாலும், வக்கீல் குமாஸ்தா வரும் காட்சியை இரண்டாம் எபிசோடிலிருந்து ஐந்துக்குத் தள்ளு. அவர் அவ்வளவு சீக்கிரம் வந்தால் கையெழுத்து விஷயம் வெளியே தெரிந்துவிடும். மாற்றிய ஒன்லைனை, அதாவது காட்சிகளின் சுருக்க வரிசையை, அனுப்பு, காட்சி காட்சியாகக் குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
ரவி